பிழைப்பும் அதன் ஒருபொருட் சொற்களும்

நிகண்டுகளும் அகராதிகளும் ஒருபொருள் குறித்த பல சொற்களை ஓரிடத்தே தொகுத்துத் தருகின்றன. அத்தொகுப்புப் பயனுடையதே; ஆயினும், ஒன்றன் இடத்தில் மற்றொன்று தடையின்றி நிற்கும் என்னும் மயக்கத்தையும் அது விளைவிக்கிறது. உயிரோடிருத்தற்கு இன்றியமையாத அளவினதாகிய வாழ்வைக் குறிக்கும் ‘பிழைப்பு’ என்னும் சொல்லைக் கொண்டு இதனை ஆராய்வோம். சீவனம், வயிற்றுப்பாடு, காலட்சேபம், வாழ்வாதாரம் ஆகியன அதற்கு ஒத்த சொற்களாகக் கொள்ளப்படுகின்றன. அவை ஒத்தனவோ என்பதே வினா.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில், ‘பிழை’ என்னும் வினைக்குத் தவறுதல், உய்தல், வாழ்தல் என்னும் பொருள்கள் இடம்பெற்றுள்ளன. தவறுதலும் வாழ்தலும் ஒரு சொல்லில் எவ்வாறு கூடின? திருக்குறளில் ‘படைச்செருக்கு’ என்னும் அதிகாரம் இதற்கு வழிகாட்டுகிறது. அங்கு (772) யானைமேல் எறியப்பட்டுக் குறிதப்பிய வேலுக்குப் ‘பிழைத்தல்’ என்னும் வினை ஆளப்பட்டுள்ளது. வேல் தப்பியது எறிந்தவனுக்குக் குறை; யானைக்கோ அதுவே உயிர். எறிவோன் பக்கம் நின்று நோக்கத் தவறாவது, யானையின் பக்கம் நின்று நோக்க உய்வாகிறது. உய்தற்பொருள் இவ்வழியே தோன்றியிருத்தல் கூடும். எனினும், ‘பெரியாரைப் பிழையாமை’ என்னும் அதிகாரத்தில் (896) குற்றஞ்செய்தற்குப் ‘பிழை’ என்பதும், உயிர்தப்புதற்கு ‘உய்’ என்பதும் ஒரே குறளில் வேறுவேறாக நிற்கின்றன. அங்கு இரு சொல்லாய் நின்ற பொருள்களை இன்று ஒரு சொல்லே தாங்குகிறது.

இக்கால வழக்கை நோக்குவோம். நோயினின்று மீண்டவனைப் ‘பிழைத்துக்கொண்டான்’ என்கிறோம்; வேலை தேடிச் சென்னைக்கு வந்தவனைப் ‘பிழைக்க வந்தவன்’ என்கிறோம். உயிர்தப்புதலும் தொழில்செய்து உண்ணுதலும் மக்கள் வாக்கில் ஒரே வினையாயின. ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்பது புகழ்போலத் தோன்றிப் பழியைத் தருவதும் உண்டு. ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்பதோ இகழ்போலத் தோன்றிப் பரிவையும், ஒரோவழி மதிப்பையும் தரும். இவ்விடங்களில் ‘வாழ’ என மாற்றிப் பார்ப்பின் அக்குறிப்பு அழிந்துவிடும். ‘இதுவும் ஒரு பிழைப்பா?’ என்னும் கேள்வியில் தவறு என்னும் பழம்பொருளின் நிழல் இன்னும் படிந்துள்ளது என்பது எம் கருத்து.

ஏனைய சொற்களுக்கும் தனித்தனி இயல்பு உண்டு. காலட்சேபம் என்பது காலங்கழித்தல் என்னும் பொருளுடைய வடசொல். மயிலாப்பூரில் அச்சொல் இறைவன் கதையை இசையோடு விரித்துரைத்தலைக் குறிக்கும். ‘காலட்சேபம் எப்படி நடக்கிறது?’ என வினவின் சீவனத்தைக் குறிக்கும். இங்கு முன்னிற்பது நாளைக் கடத்துதலே, பசியன்று. வயிற்றுப்பாடு என்பதிலுள்ள ‘பாடு’ படுதலின் அடியாகப் பிறந்து, துன்பத்தையும் உழைப்பையும் உணர்த்துவது. அடையாற்றின் கழிமுகத்தை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பம் போன்ற கடற்கரையூர்களின் தொழிலுக்குரிய ‘மீன்பாடு’ என்னும் சொல்லோ வலையில் பட்ட மீனைக் குறிக்கும். படுகின்ற துன்பத்தையும் கிட்டுகின்ற பேற்றையும் ஒருங்கே உணர்த்தும் இப்‘பாடு’, சீவனம் என்பதனுள் அடங்காது.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. தெருவோர வணிகர்க்கென நடுவணரசு 2014இல் இயற்றிய சட்டத்தின் தலைப்பிலேயே அவர்தம் சீவனத்தைக் காத்தல் என்பது இடம்பெற்றுள்ளது. இக்கருத்தை ஆட்சித்தமிழ் ‘வாழ்வாதாரம்’ என்னும். ஆயின், தியாகராய நகர்ப் பாண்டி பசார் போன்ற கடைத்தெருவில் நடைபாதை வணிகர் ஒருவர் இடமிழந்தால், ‘பிழைப்புப் போயிற்று’ என்பதே அவர் வாய்மொழியாகும். வாழ்வாதாரம் ஒரு பொருளின் பெயர். அதனை அளக்கலாம், ஈடுசெய்யலாம், வேறிடத்திற்கு மாற்றலாம். பிழைப்போ தொழிற்பெயர், பிழைப்பவன் ஒருவனை அது தன்னுள் கொண்டே நிற்கிறது. உயிர்தப்பும் பொருளும் அதனின் நீங்குவதில்லை. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம், சீவன உரிமை உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. சட்டம் வாதத்தால் எய்திய அம்முடிபைத் தமிழ் வழக்கு ஒரு வினைச்சொல்லிலேயே பொதிந்து வைத்துள்ளது.

வாழ்வாதாரம் என்னும் சொல் வேண்டா என்பது எம் கருத்தன்று. திட்டமும் கணக்கும் வகுக்குமிடத்து அது பயன்படும். ஆனால், மக்கள் ‘பிழைப்பு’ எனக் கூறிய முறையீட்டை ‘வாழ்வாதாரம்’ எனப் பெயர்த்தெழுதுங்கால் முறையீட்டின் வலிமை குறைகிறது. எனவே, இனி வரும் அகராதிகள் ஒத்த சொற்களை அடுக்குவதோடு அமையாமல், எச்சொல் எவ்விடத்தில் யாரால் எக்குறிப்போடு வழங்கப்படுகிறது என்பதை எடுத்துக்காட்டுத் தொடர்களால் விளக்குதல் வேண்டும். அதற்குரிய சான்றுகளை ஏட்டில் மட்டுமன்றிக் கடைத்தெருவிலும் கடற்கரையிலும் தொகுத்தல் ஆய்வு மாணவர்தம் கடனாகும்.