வயதின் தூரமும் வாழ்வின் தூரமும்
நஜீப் மஹ்ஃபூழின் முத்தொகுதி நாவலை முன்வைத்து

நிக்காஹ் பாடத்தில் ‘கஃபாஅத்’ எனப்படும் மணமக்கள் பொருத்தம் பற்றிய பகுதியை நாம் பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து வருகிறோம். வமிசம், மார்க்கப் பேணுதல், தொழில், பொருள் வசதி என்று நூலாசிரியர்கள் எண்ணிச் சொல்லியவற்றை விளக்கி முடித்த ஒருநாள், மாணவர் ஒருவர் எழுந்து, “ஹள்ரத், வயது இதில் சேராதா?” என்று கேட்டார். “சேராது” என்று கூறிவிட்டு ஏட்டைப் புரட்டினோம். அவருடைய தமக்கைக்கு, அவரைவிட இரு மடங்கு வயதுடைய ஒருவரை அந்த வாரம்தான் பேசி முடித்திருந்தார்கள் என்பது பின்னரே நமக்குத் தெரிய வந்தது. நாம் சொன்ன விடை நூலின்படி சரியானதுதான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது விடையாகவில்லை.

அந்த உறுத்தலோடுதான் அவ்வாண்டு முதுகலை வகுப்பிற்காக நஜீப் மஹ்ஃபூழின் முத்தொகுதியை மீண்டும் படித்தோம். 1956-இல் வெளிவந்த ‘பைனல் கஸ்ரைன்’, 1957-இல் வெளிவந்த ‘கஸ்ருஷ் ஷவ்க்’, ‘அஸ்ஸுக்கரிய்யா’ ஆகிய இம்மூன்றும் கெய்ரோவின் பழைய நகர்ப்பகுதித் தெருக்களின் பெயர்களையே தலைப்பாகக் கொண்டவை. 1917 முதல் 1944 வரை ஒரு வணிகக் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை இவை தொடர்கின்றன. 1988-இல் மஹ்ஃபூழுக்கு நோபல் பரிசு கிடைத்த பின்னர் இவற்றைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் எகிப்தின் அரசியல் விழிப்பையே பேசினர். நமக்கோ இம்முறை இது திருமணங்களின் நாவலாகத் தென்பட்டது. மணமக்களுக்கிடையே உள்ள வயது வேறுபாட்டை இத்துணை விதமாக நிறுத்துப் பார்த்த படைப்பு நவீன அரபியில் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

முதலில் இல்லத் தலைவர் அஹ்மத் அப்துல் ஜவாதையும் அவர் மனைவி அமீனாவையும் எடுத்துக்கொள்வோம். எகிப்தியர் பேச்சில் ‘ஸீ ஸய்யித்’ என்றால் இன்றும் மனைவியை அடக்கியாளும் கணவன் என்றே பொருள். அந்தப் பெயர் இந்த மனிதரிடமிருந்து வந்ததே. பதினான்கு வயது நிறைவதற்கு முன்பே அமீனா அவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அப்பெரிய வீட்டில் இரவுகளில் தனித்திருந்து, ஜின்களுக்கு அஞ்சி, அறை அறையாகச் சென்று திருமறையின் சிறு அத்தியாயங்களை ஓதிக்கொண்டிருந்த சிறுமி அவள். மணமான புதிதில் கணவரின் இரவுக் கேளிக்கைகளைக் குறித்து ஒருமுறை மெல்ல ஆட்சேபித்தாள். அவர் அவள் காதுகளைப் பற்றி, ஏவுவது தம் வேலை, கீழ்ப்படிவது அவள் வேலை என்று உணர்த்திவிட்டார். அதன்பின் கால் நூற்றாண்டாக நள்ளிரவில் விழித்தெழுந்து, விளக்கேந்தி மாடிப்படியில் காத்து நிற்பதே அவள் வாழ்வாயிற்று.

இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இந்த இருவருக்கும் இடையே உள்ள வயது வேறுபாடு எவ்வளவு? நாவல் தொடங்கும்போது அவருக்கு நாற்பத்தைந்து. அவளுக்கு ஏறத்தாழ நாற்பது. ஐந்தாறு ஆண்டுகள்தாம்! நம் குடும்பங்களில் எவரும் குறை சொல்லாத வேறுபாடு. அவர் போர்ட் ஸயீதுக்குப் பயணம் சென்றிருந்த வேளையில் ஹுஸைன் பள்ளிவாசலுக்குச் சென்று வந்தாள் என்ற ஒரே குற்றத்திற்காக, விபத்தில் முறிந்த எலும்பு கூடியதும் அவளைத் தாய்வீட்டிற்கு அனுப்பிவைக்கிறார். அவளை அவர்முன் ஊமையாக்கியது வயது வேறுபாடன்று. அவள் அவ்வீட்டிற்குள் நுழைந்த வயதும், நுழையுமுன் எவரும் அவளிடம் எதையும் கேட்காததுமே ஆகும்.

அடுத்து ஸன்னூபா. பாடகி ஸுபைதாவின் வீட்டில் வளர்ந்த ஏழைப் பெண், ஊத் இசைப்பவள். ஐம்பத்தைந்தைத் தொட்ட அஹ்மத் இவளிடம் மயங்கி, நைல் நதியில் ஒரு மிதவை வீட்டில் குடியமர்த்துகிறார். இங்கே வயது வேறுபாடு மிகப் பெரிது. ஆனால் இங்கே தாழ்ந்து நிற்பவர் முதியவரே. கண்ணாடியில் தம் நரையை நோக்குபவர் அவர். திருமணத்தைத் தவிர வேறெதற்கும் உடன்படேன் என்று நிபந்தனை விதிப்பவள் அவள். இறுதியில் அவருடைய மகன் யாசீனையே மணந்து, அக்குடும்பத்தில் மதிப்புமிக்க மருமகளாக அமைந்துவிடுகிறாள். யாசீனின் முதலிரு மணங்கள் சிதைந்தபின், நிலைத்தது இந்த மணமே என்பது மஹ்ஃபூழின் கூர்மையான நகைப்பு.

யாசீனின் தாய் ஹனிய்யாவின் கதை இதற்கு மறுபுறம். மணவிலக்குப் பெற்ற அவள் தன்னினும் இளையவர் ஒருவரை மணக்க விழைகிறாள் என்றறிந்ததும், மகன் நாணிக் குமுறுகிறான். தந்தை தம் மகள் வயதொத்தவளை நாடுவதை ஆண்மைக்கு அழகாகக் கருதும் சமூகம், தாய் இளையவரை நாடினால் இழிவு என்கிறது. இதற்கு மார்க்கத்தில் இடமுண்டா? அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முதல் மணம் தம்மினும் மூத்த கதீஜா நாயகி (ரலி) அவர்களோடுதானே நிகழ்ந்தது! மண விருப்பமும் அன்னையார் பக்கமிருந்தே வந்ததை வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். யாசீனின் நாணம் மார்க்கம் தந்ததன்று, வழக்கம் தந்தது.

வயது ஒத்திருந்தால் எல்லாம் நலமாகிவிடுமா? அதற்கும் மஹ்ஃபூழ் ஒரு சான்று வைக்கிறார். பேத்தி நயீமா பதினாறு வயதினள். அவளை மணக்கும் அப்துல் முன்இம் அவளைவிடச் சிறிதே மூத்த மாணவன். தவறில் விழுந்துவிடலாகாது என்ற அவசரத்தில் படிப்பு முடியுமுன்பே தந்தையிடம் மணத்தைக் கோரிப் பெறுகிறான். பிறப்பிலிருந்தே நலிந்த இதயமுடைய அப்பெண் பேறுகாலத்தில் இறந்துபோகிறாள். எகிப்தில் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் மணமகளுக்குப் பதினாறு வயதெனக் கணக்கிட்டது. நயீமா அக்கணக்கில் தேறியவள். ஆனாலும் அவள் உடல்நிலையை எண்ணிப் பார்த்துத் தடுக்க அக்கணக்கால் இயலவில்லை.

மூன்றாம் தொகுதியில் கமாலும் புதூரும் வருகின்றனர். இளமையில் கமால் ஆயிதாவைக் காதலித்துத் தோற்றவன். அந்நாளில் அவன் தோளில் தூக்கி விளையாடிய அவளுடைய தங்கையே புதூர். ஏறத்தாழ பதினைந்து ஆண்டு இளையவளான அவளை, பல்கலைக்கழக மாணவியாகப் பின்னர் காண்கிறான். விரிவுரைகளுக்கு அவளுக்காகவே செல்கிறான். தெருவில் அவள் பின்னே நடக்கிறான். பேசவேண்டிய கணத்தில் பின்வாங்கிவிடுகிறான். பின்னொரு நாள் அவளை வேறொருவருடன் காண்கிறான். பலரும் இதை வயது கடந்த தயக்கம் என்று விளக்குவர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. அவன் புதூரிடம் தேடியது ஆயிதாவை. முன்னே நடந்துசெல்லும் பெண்ணை ஒருபோதும் அவளாகவே அவன் பார்க்கவில்லை.

இங்கேதான் மஹ்ஃபூழின்மீது நமக்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். அஹ்மதின் நரை பற்றிய கவலை பக்கம் பக்கமாக வருகிறது. கமாலின் மனப்போராட்டம் அதனினும் விரிகிறது. ஆனால் புதூர் என்ன நினைத்தாள்? அவளைக் கமாலின் கண்வழியாகவே அறிகிறோம். ஸன்னூபாவின் உள்ளமும் பெரும்பாலும் ஆடவர் ஊகமாகவே நமக்குக் கிட்டுகிறது. வயது வேறுபாட்டை இத்துணை நுணுக்கமாக அளந்தவர், இளையவரின் பக்கத்திலிருந்து அதை அளந்து காட்டவில்லை. மற்றொரு குறையும் உண்டு. கடைக்கு வரும் ஷைக் முத்தவல்லி அப்துஸ்ஸமத், அஹ்மதின் பெண் பித்தைக் கண்டிக்கிறார். ஆனால் அவ்வுரையாடலில் வீட்டில் இருப்பவளின் உரிமையைப் பற்றி வாய் திறப்பதில்லை. மார்க்கம் அறிந்தோர் என்போர் அங்கே மௌனமாகவே நிற்கின்றனர். இது நாவலாசிரியரின் பிழையா, நம் போன்றோரின் பிழையா என்று நினைக்கும்போது, வகுப்பறையில் நாம் புரட்டிய ஏடு நினைவுக்கு வருகிறது.

அந்த ஏட்டையே இப்போது திரும்பப் பார்ப்போம். ஷாஃபிஈ அறிஞர் ரூயானி (ரஹ்), முதியவர் இளம்பெண்ணுக்கு நிகரானவர் ஆகார் என்று கருதினார். பின்வந்த உரையாசிரியர்கள் அது பலவீனமான கருத்து என்றாலும், கவனத்தில் கொள்ளத்தக்கது என்று கூறிச் சென்றனர். இமாம் நஸாயீ (ரஹ்) ஒரு படி மேலே செல்கிறார். ஃபாத்திமா நாயகி (ரலி) அவர்களை அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் பெண் கேட்டபோது, அவர் சிறியவர் என்று நபியவர்கள் விடையளித்ததையும், அலீ (ரலி) கேட்டபோது மணமுடித்துக் கொடுத்ததையும் அறிவிக்கும் ஹதீஸுக்கு, வயதில் தன்னை ஒத்தவரை ஒரு பெண் மணப்பது பற்றிய பாடம் என்ற பொருளில் தலைப்பிட்டார். இச்சமுதாயத்தின் மிகச் சிறந்த இருவருக்கே அவ்விடை! வயதுப் பொருத்தம் நேசத்திற்கு நெருக்கமானது என்றும், அதனினும் மேலான ஒரு நன்மைக்காக அது விடப்படலாம் என்றும் அறிஞர் ஸிந்தீ (ரஹ்) அதற்கு உரை எழுதினார். ஆக, வயது வேறுபாடு தடையன்று. ஆனால் எண்ணாமல் கடந்துபோக வேண்டிய ஒன்றும் அன்று. மேலான நன்மை எது என்பதை யார் சொல்வது? வாழப்போகிறவள் சொல்ல வேண்டாமா? கன்னியின் மௌனமே சம்மதம் என்ற நபிமொழி, அவளிடம் கேட்கப்பட்டது என்பதை முன்வைத்தல்லவா நிற்கிறது? கேட்காதபோது அவள் மௌனம் சம்மதமாகாது. அது அமீனாவின் மௌனமே.

பிற்காலச் சட்டங்களும் இங்கேதான் தடுமாறுகின்றன. 1976-ஆம் ஆண்டு ஜோர்டான் குடும்பச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணைவிட மணமகன் இருபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவராயின், அவளுடைய சம்மதத்தையும் நலனையும் காழீ உறுதிப்படுத்த வேண்டும் என்றது. கேள்வியைப் பெண்ணிடம் கொண்டு சென்ற அளவில் அது நல்ல சட்டம். எகிப்து 2015-இல், எகிப்தியப் பெண்ணை மணக்கும் வெளிநாட்டவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூத்தவராயின் 50,000 பவுண்டுக்கு அவள் பெயரில் சேமிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என ஆணையிட்டது. அது வேறுபாட்டிற்கு விலை குறித்தது. அவளிடம் எதையும் கேட்கவில்லை.

அந்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அன்று “சேராது” என்று சொன்னதற்குப் பிறகு நாம் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுண்டு: “உம் தமக்கையிடம் கேட்டார்களா? அவர் என்ன சொன்னார்?” இப்போதெல்லாம் கஃபாஅத் பாடம் முடியும் நாளில் நஸாயீயின் அத்தலைப்பையும் எடுத்து வாசிக்கிறோம். மாணவர்கள் கேள்வி கேட்கும்வரை ஏட்டைப் புரட்டுவதில்லை.