நிரலுக்குள் வாழும் தரவு

நிரலுக்கு வேண்டிய தரவுகளை அதன் வரிகளுக்குள்ளேயே பொதிந்து வைப்பது அவலட்சணம் என்றும், தனிக் கோப்பில் வைப்பதே சிரேஷ்டமான வழி என்றும் பாடநூல்கள் ஏகோபித்துச் சொல்லிவருகின்றன. அதில் பாதி நியாயமே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நேர மண்டலக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த தன் கடிகாரத்தை, இலங்கை அரசாங்கம் 1996 மே மாதத்தில் ஆறரையாக்கி, அக்டோபரில் ஆறாகக் குறைத்து, 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரைக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஐந்தரை என்ற எண்ணை நிரலில் எழுதிவிட்டவர் ஒவ்வொரு தடவையும் மூலநிரலைத் திருத்திப் புதுப்பிரதி அனுப்ப வேண்டியிருந்ததோடு சிரமம் தீர்ந்துவிடவில்லை. 1997-ஆம் வருஷத்துப் பதிவொன்றைப் பிற்காலத்தில் வாசிக்கும்போது அதற்கு ஆறு மணிக் கணக்கே பொருந்துமாதலால், எந்த ஒற்றை எண்ணும் அங்கே பிழையாகவே முடியும். ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கிவைத்த நேர மண்டலத் தரவுத்தளம் இத்தகைய மாறுதல்களை அவற்றின் தேதியோடு சாதாரண உரைக்கோப்புகளில் திரட்டிவைத்திருப்பதால், அரசாங்கங்கள் மனம் மாறும்போதெல்லாம் கோப்பைப் புதுப்பித்தால் போதுமானதாகிறது.

ஆயினும், தனியே வைத்த தரவு சாதுவானது என்று நம்புவது விபரீதத்தில் முடியும். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பியது புதிய நிரலன்று, வெறும் தரவுக்கோப்பே. இருபது உள்ளீடுகளை மட்டும் பெற்றிருந்த நிரலை இருபத்தொன்றாவதைத் தேடும்படி அது தூண்டிவிட, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஸ்தம்பித்து நின்றன. நிரலின் நடத்தையை நிர்ணயிக்கும் தரவுக்கு, நிரலுக்குச் செய்யும் அத்தனை பரிசோதனையும் அவசியம். தனிக்கோப்பு என்ற பெயரே அந்த ஜாக்கிரதையைத் தளர்த்திவிடுகிறது என்பதுதான் இம்முறையின் பெருங்குறை.

கோப்பு காணாமற்போவது இன்னொரு தொல்லை. நேர மண்டலக் கோப்புகளே இல்லாத கணினிகளில் இடறி விழுந்த அனுபவத்தின் பேரில், கோ (Go) நிரல்மொழி 2020-இல் அத்தரவுகளை நிரலுக்குள்ளேயே பொதிந்துகொள்ளவும் வழி செய்தது: கணினியில் உள்ள கோப்பை முதலில் தேடி, கிடைக்காதபோது மட்டுமே உள்ளிருப்பதை எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு சாமர்த்தியமானதே. ஆனால் பொதிந்த பிரதி காலாவதியான பின்னும் நிரல் ஓர் எச்சரிக்கையுமின்றி ஓடிக்கொண்டேயிருக்கும். கோப்பு இல்லையென்று உடனே நின்றுவிடும் நிரலைக் காட்டிலும், பிழையான மணியைத் தயக்கமின்றிச் சொல்லும் நிரலிடமே எனக்கு அச்சம் அதிகம்.