கதவடைத்த கடற்கரைக் குடில்கள்

இங்கிலாந்தில் குடியேறி வாழும் என் பழைய மாணவர் ஒருவர் சுவர் நாட்காட்டியொன்றை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். பன்னிரண்டு ஏடுகளிலும் நிழற்படங்கள். பன்னிரண்டிலும் ஒரே பொருள். கடலோரத்தில் வரிசையாக நிற்கும் மரக் குடில்கள். ஒன்று மஞ்சள், அடுத்தது இளநீலம், அதற்கடுத்தது ரோஜா நிறம். மேலே மாசற்ற வானம். கண் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்? ஆயினும் ஆறாம் ஏட்டைப் புரட்டும்போது மனத்தில் ஒரு குறை தட்டிற்று. அஃது என்னவென்று தெளியச் சில நாள் ஆயிற்று. ஒரு படத்திலும் மனிதர் இல்லை. ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

இஃது ஒரு நாட்காட்டியின் குறை மட்டுமன்று. சஃபோக்கின் சவுத்வோல்ட், எசெக்ஸின் வால்ட்டன், பிரைட்டனை அடுத்த ஹோவ் என ஊர் மாறலாம். இக்குடில்களைப் படமெடுப்போரிற் பலர் நேர் எதிரே நின்று, ஆளில்லா வேளை பார்த்து, நிறங்களை மட்டும் அள்ளி வருகின்றனர்.

அரபு யாப்பைக் கற்றோருக்கு இவ்வரிசை வேறொன்றை நினைவூட்டும். அரபியில் 'பைத்' என்ற சொல் வீட்டையும் குறிக்கும். கவிதையின் ஓரடியையும் குறிக்கும். அவ்வடியின் பாதிக்கு 'மிஸ்ராஃ' என்று பெயர். இரட்டைக் கதவின் ஒரு பலகைக்கும் அதே பெயர்தான். 8ஆம் நூற்றாண்டில் யாப்பிலக்கணம் வகுத்த கலீல் இப்னு அஹ்மதின் மரபில், கூடாரத்தின் கயிறும் முளையுங்கூட அசைகளுக்குப் பெயராயின. ஒரே அளவும் ஒரே வடிவும் கொண்டு, கதவோடு கதவாக நிற்கும் இக்குடில்கள் ஒரு கஸீதாவின் அடிகள்போலவே தோன்றுகின்றன. ஆனால், படமெடுப்பவர் நமக்குத் தருவது இயைபை மட்டுமே. நிறம் நிறத்தோடு இயைகின்றது. பொருளோ உள்ளே பூட்டிக் கிடக்கின்றது.

அப்பொருள் யாது? இக்குடிலின் மூதாதை குளியல் வண்டி. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சக்கரம் பூட்டிய மரக் கூண்டைக் குதிரை கடலுக்குள் இழுத்துச் செல்லும். உள்ளே உடை மாற்றிக்கொண்டவர் பிறர் கண்ணிற் படாமல் படியிறங்கி நீராடுவார். விக்டோரியா அரசியாரும் 1847இல் ஆஸ்போர்ன் கடற்கரையில் அவ்வாறே நீராடினார். 20ஆம் நூற்றாண்டு பிறந்தபின் அக்கட்டுப்பாடு தளர்ந்தது, சக்கரங்கள் கழன்றன, கூண்டு கரையில் நிலைகொண்டது. போர்ன்மத் நகராட்சி 1909இலேயே குடில் அமைத்தது. ஆக, 'ஹயா' என்று நாம் கூறும் நாணத்தின் பொருட்டுத் தோன்றிய ஒரு பெட்டகம் இது. மறைப்பதற்கென்று பிறந்தது, இன்று பார்க்கப்படுவதற்கென்றே நிற்பதாகப் படம் சொல்கின்றது.

அதுவும் உண்மையன்று. குடிலுக்குரியவர் அதன் முன்னே மடக்கு நாற்காலியை விரித்துக் கடலை நோக்கி அமர்கின்றார். உள்ளே சிறு அடுப்பில் தேநீர்க் கெண்டி கொதிக்கின்றது. மழை தூறினால் நாற்காலியை உள்ளிழுத்துக்கொண்டு வாயிலில் இருந்தவாறே அலையைப் பார்ப்பார். அந்நாட்டின் கோடையில் மழைக்குக் குறைவில்லை. குடில் என்பது கடலைப் பார்க்கும் ஓர் இருக்கை. படமெடுப்பவரோ, குடிலைப் பார்ப்பதற்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கின்றார்!

படம் மறைக்கும் இன்னொன்று விலை. டார்செட் கரையில், மட்ஃபோர்ட் மணல்திட்டில், சொந்தக் குளியலறையும் இல்லாத குடில்கள் 3 இலட்சம் பவுனுக்கும் மேல் விலைபோயிருக்கின்றன. பொம்மை வீடுபோல் சிரிக்கும் அந்த மஞ்சள் கதவுக்குப் பின்னே இப்படியொரு வியாபாரம் இருப்பதை வானத்தின் நீலம் சொல்லுமா?

நிறத்தின் மேல் எனக்குப் பகையில்லை. மார்ட்டின் பார் 1983 முதல் 1985 வரை நியூ பிரைட்டனில் எடுத்த படங்களும் கண்ணைப் பறிக்கும் நிறத்தவைதாம். அவற்றில் குப்பைக் கூடைக்கு அருகே உண்ணும் குடும்பங்களும் அழும் குழந்தைகளும் உண்டு. உழைக்கும் மக்களை ஏளனம் செய்தார் என்று அவரைக் கடிந்தோரும் உளர். கடிந்துகொள்வதற்கேனும் அங்கே மனிதர் இருக்கின்றனரே! அவருக்கு முன் 1960களில் ஆங்கிலக் கடலோரங்களில் அலைந்த டோனி ரே-ஜோன்ஸ், நிறமே இல்லாமல், கறுப்பிலும் வெளுப்பிலும், கடற்கரை விடுமுறையின் மகிழ்ச்சியையும் சலிப்பையும் ஒருசேரக் காட்டினார்.

டிரேசி எமின் என்னும் கலைஞர் விட்ஸ்டபிள் ஊரிலிருந்த தம் குடிலையே பெயர்த்து வந்து 1999இல் கலைப்பொருளாக வைத்தார். 2004இல் இலண்டன் கிடங்கொன்றில் பற்றிய தீயில் அது சாம்பலாயிற்று. அதனுள் தம்மை அவர் எடுப்பித்துக்கொண்ட படங்களை நான் ஏற்பவன் அல்லன். எனினும், குடில் என்பது ஒருவர் வாழ்ந்த இடம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பழைய அரபுக் கவிஞரும் ஆளில்லாத இடத்தைப் பாடியவர்களே. இம்ரவுல் கைஸின் நெடும்பாட்டு, பாசறை நீங்கிய பாழிடத்தில்தான் தொடங்குகின்றது. ஆனால், அங்கே கிடந்த சாணமும் கரியும் அவர்களுக்குப் போனவர்களின் பெயரைச் சொல்லின. நாட்காட்டியின் குடில்களில் எவர் வந்தார், எவர் போனார் என்பதற்குச் சுவடேயில்லை. வாயிற்படியில் ஈர மணல்கூட ஒட்டியிருக்கவில்லை.

மாணவருக்கு நன்றி தெரிவித்து மடல் எழுதினேன். அடுத்த கோடையில் கடற்கரைக்குப் போகும்போது, யாரேனும் தேநீர் வைத்துக்கொண்டிருக்கும் குடிலாகப் பார்த்து, அவர்களுடைய அனுமதி பெற்று, கதவு திறந்திருக்க ஒரு படம் எடுத்து அனுப்புமாறு அதில் கேட்டிருக்கிறேன். வானம் மூடியிருந்தாலும் குற்றமில்லை.