கூழைக்கடாவைக் கடைசியில் பாருங்கள்

எண்ணூர் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு நிறைய. லட்ச ரூபாய் லென்ஸைத் தூக்கிக்கொண்டு கபினிக் காட்டுக்குப் போவார்கள். திருவொற்றியூரில் ஒரு பஸ் ஏறி எண்ணூர் முகத்துவாரத்துக்கு வர மாட்டார்கள். "அங்க என்ன இருக்கு, புகைபோக்கிதானே?" ஐயா, அந்தப் புகைபோக்கிக்கு முன்னால் கூழைக்கடா நிற்கிறது. போதாதா?

சரி, பாலபாடத்தை முடித்துவிடுவோம். பறவைப் படம் என்றால் வெளிச்சம் எந்தப் பக்கம், கண் துல்லியமாக இருக்கிறதா, கேமரா பறவையின் உயரத்துக்கு இறங்கியிருக்கிறதா, இவ்வளவுதான். மிச்சத்தை யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள்.

அவர்கள் சொல்லித் தராத ஒன்றுக்கு வருகிறேன். படம் எடுத்தவருக்கு அவருடைய குரு கொடுத்தது இடத்தையா, பார்வையையா? இடம் கொடுப்பது சுலபம். லொகேஷன் அனுப்பி, "காலை ஆறு மணி, இந்தக் கிளை, இந்த செட்டிங்" என்றால் முடிந்தது. சாயங்காலத்துக்குள் ஒரே மீன்கொத்தி ஒரே கோணத்தில் இருபது பேருடைய இன்ஸ்டாகிராமில் உட்கார்ந்திருக்கும். பார்வை கொடுப்பவர் தன் நேரத்தைக் கொடுக்க வேண்டும், கூடவே நடக்க வேண்டும், தன் படிப்பையே திறந்துவைக்க வேண்டும்.

அப்படிப் பார்வை வாங்கிய ஒருவரைச் சொல்கிறேன். காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகன், மாநிலக் கல்லூரி மாணவர். அங்கே தாவரவியல் சொல்லிக்கொடுத்த பி.எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலைச் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். மலைக்குப் போகும்போது இந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவியிடம் பையன் நீர்வண்ண ஓவியமும் கற்றுக்கொண்டான். இதில் கேமரா எங்கேயாவது வந்ததா, கவனித்தீர்களா?

இப்போது கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளை யானைப் படம் ஒன்றை எடுங்கள். யானையை விடுங்கள், அது எங்கும் ஓடிவிடாது. காலடிப் புல்லைப் பாருங்கள், பின்னாலிருக்கும் மரத்தின் பட்டையைப் பாருங்கள். அந்த யானை எந்தக் காட்டில் நிற்கிறது என்று படமே சொல்லும். மலையில் செடி செடியாக நின்று பார்க்கப் பழகிய கண் இது என்பது என் கட்சி. கேமராவோ, பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே பூட்டிக்கொண்டது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பேர் வேறு!

இன்றைய மோஸ்தர் நேர்மாறு. பறவையைச் சுற்றி எல்லாவற்றையும் மங்கலடித்துவிட்டு, "ஆகா, என்ன பின்னணி!" என்று விமர்சகர் மெய்சிலிர்ப்பார். எனக்கு அது பறவையின் பாஸ்போர்ட் போட்டோ. கபினியா, கடலூரா, யாருக்குத் தெரியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூரில் படிந்ததே, அப்போது வந்த படங்களிலும் இதே சோதனையை வையுங்கள். எண்ணெய் அப்பிய கூழைக்கடாவின் மார்பை மட்டும் நெருக்கிக் காட்டுவது ஒரு வகை. அலையாத்தி வேரில் தண்ணீர் ஏறி இறங்கிய மட்டத்தில் கறுப்புக் கோடு, பக்கத்தில் பாழான வலை, அதற்கப்பால் பறவை என்று காட்டுவது இன்னொரு வகை. முதலாவது அனுதாபத்தோடு நின்றுவிடும். இரண்டாவதை, படகில் போய், மீனவர் ஒருவர் கைகாட்டிய திசையில் பார்க்கத் தெரிந்தவர்தான் எடுக்க முடியும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எண்ணூரில் ஃபைசன்கள் லுங்கி கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். தண்ணி எப்போது வற்றும், எந்தச் சேற்றுத் திட்டு முதலில் தலைகாட்டும், உள்ளான் எங்கே இறங்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி. உங்களை ஏற்றிக்கொண்டு போகிற அன்றைக்கு அவர்களுக்கு மீன்பாடு போச்சு. அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

அடுத்த முறை கண்காட்சிக்குப் போனால் வாசல் பக்கத்து நன்றிப் பலகையைப் படியுங்கள். லென்ஸ் கம்பெனி பேர் கட்டாயம் இருக்கும். காட்டுக்குப்பத்துப் படகுக்காரர் பேர் இருக்கிறதா? இல்லையென்றால் வெளியே டீக்கடைக்கு வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன். திட்ட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.