சிபிடி: ஆறுதல் சொல்லாத சிகிச்சை

நள்ளிரவில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. மாரடைப்பு என்று பதறி மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். ஈசிஜியில் கோளாறு இல்லை. "கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே ஓட்டம். இந்தப் பீதித் தாக்குதலை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி, கையாளும் விதத்தில்தான் அதன் முழு பலமும் தெரிகிறது.

படபடப்பால் ஆபத்தில்லை, 'சாகப்போகிறேன்' என்று அதற்குப் பொருள் கொள்வதால் பயம் கூடுகிறது, பயத்தால் படபடப்பு இன்னும் கூடுகிறது என்று 1986இல் விளக்கினார் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க். இதைப் பின்பற்றும் சிகிச்சையாளர் "பயப்படாதீங்க" என்று தேற்றுவதில்லை. தன் அறையிலேயே வேகவேகமாக மூச்சு வாங்கச் சொல்கிறார். சற்று நேரத்தில் அதே மரமரப்பு, அதே தலைசுற்றல். மாரடைப்பு மட்டும் வரவில்லை. பிறகு துணைக்கு ஆளும் பையில் மாத்திரையும் இல்லாமல் நெரிசலான பேருந்தில் போய்வரச் சொல்கிறார். தற்காப்புக்கு என்று வைத்திருந்த துணையும் மாத்திரையுமே பயத்தைத் தீரவிடாமல் காத்துவந்திருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும். 'நல்லதையே நினை' என்ற மேடைப் பேச்சுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நினைப்பை மாற்று என்று கட்டளையிடாமல், அது மெய்தானா என்று பார்த்துவிடச் சொல்கிறது இது.

மனச்சோர்வுக்கு வரும்போது கதை இவ்வளவு தெளிவாக இல்லை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் இந்த முறையை உருவாக்கியதே மனச்சோர்வுக்காகத்தான். 'நான் உதவாக்கரை' போன்ற எண்ணங்களைத் தாளில் எழுதி, ஆதாரம் கேட்டு அலசினால் மனம் தெளியும் என்பது அவர் கோட்பாடு. ஆனால் 1996இல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் சிகிச்சையைப் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணங்களைத் தொடாமல், அன்றாட வேலைகளில் மீண்டும் ஈடுபட வைத்த பகுதி தனியாகவே முழுச் சிகிச்சை அளவுக்குப் பலன் தந்தது. அப்படியானால் அந்தத் தாள் எதற்கு? படுக்கையை விட்டு எழவே தெம்பில்லாதவரிடம் கட்டம் போட்ட தாளை நீட்டி ஹோம்வொர்க் கேட்பதும், எழுதி வராதவரை 'ஒத்துழைக்காதவர்' என்பதும் கொஞ்சம் கொடுமைதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 'வீட்டுக்குப் போனால் அடி விழும்' என்று அஞ்சும் பெண்ணிடம் ஆதாரம் கேட்டால், தாள் முழுக்க ஆதாரம்தான் நிரம்பும். அவள் எண்ணத்தில் பிழையில்லை, வீட்டில்தான் பிழை. சிபிடி பயின்ற எவரும் இதை மறுக்க மாட்டார். பிரச்சினையைத் தீர்க்கும் பயிற்சியும் அதில் உண்டு என்பார். ஆனாலும் வாராவாரம் ஒரு மணி நேரம் ஒருவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசும் ஏற்பாடு, பிரச்சினை அவருக்குள்ளேயே இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தந்துவிடுகிறது.

பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் செய்தது இதற்கு நல்ல மாற்று. மனச்சோர்வுக்கு ஆளான கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணிப்பெண்களே சிபிடியில் பயிற்சி பெற்றுப் போனார்கள். குழந்தையின் நலத்தை முன்வைத்துப் பேச்சைத் தொடங்கியதால் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. 2008இல் வெளியான முடிவின்படி, பிரசவமாகி ஆறு மாதத்தில் இந்தத் தாய்மார்களில் 23 சதவீதத்தினருக்கே கடும் மனச்சோர்வு நீடித்தது. இந்தச் சிகிச்சை இன்றி வழக்கமான வீட்டுச் சந்திப்பு மட்டும் பெற்றவர்களில் அது 53 சதவீதம். பெரிய பட்டம் இல்லாதவர்களும் கற்றுக்கொண்டு செய்ய முடிகிறது என்பது சிபிடிக்கு உள்ள அபூர்வமான தகுதி.

என் கணிப்பில், பீதித் தாக்குதலுக்குத் தயங்காமல் இதை நாடலாம். மனச்சோர்வுக்கு வேறு பேச்சுச் சிகிச்சைகளும் ஏறக்குறைய இதே பலன் தருகின்றன. தீவிரமானால் மருந்தும் தேவைப்படும். எங்கே போனாலும், சில சந்திப்புகளுக்குப் பிறகு ஆலோசகரிடம் கேளுங்கள்: "அடுத்த வாரத்துக்குள் நான் எதைச் செய்துபார்க்க வேண்டும்?" அறிவுரை மட்டுமே பதிலாக வந்தால், நீங்கள் பெறுவது சிபிடி அல்ல.