சார்ந்தோர் பட்டியல்

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டு விதிகளையும் நான் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். அதில் முதலில் இடறுவது ‘குடும்பம்’ என்ற சொல். ஊழியர், அவருடைய கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள். பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தாலோ, திருமணமானாலோ, 25 வயது நிறைந்தாலோ பெயர் நீங்கிவிடும். பெற்றோருக்கும் இடமுண்டு, ஊழியர் திருமணமாகாதவராக இருக்கும்வரை.

தனியாளாக நின்று மகளைப் படிக்கவைத்து, அவளை அரசு வேலையில் பார்த்துவிட்ட ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் கழுத்தில் தாலி ஏறியதும் தாயின் பெயர் பட்டியலிலிருந்து இறங்குகிறது. 2021 திட்டத்தின்படி மகளின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் 300 ரூபாய் மட்டும் அப்படியே தொடர்கிறது. ஆணுக்கும் இதே விதிதானே என்பார்கள். இதேதான். ஆனால் மகனுக்குக் கல்யாணமானதால் தாய் அவனுக்கு அந்நியமாகிவிட்டதாக நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. ‘கட்டிக்கொடுத்தாச்சு’ என்ற சொல் மகளுக்கு மட்டுமே உரியது. ஆண், பெண் என்று பிரித்துப் பேசாத அரசு வாசகம், ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தரையில்தான் வந்து விழுகிறது.

அடுத்தது கருப்பை. கண்புரைக்கும் கருப்பை அகற்றலுக்கும் இத்திட்டத்தில் தனி உச்சவரம்பு உண்டு. காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்பட்டதாக 2012-இல் பீகாரிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்த செய்திகளை நான் மறக்கவில்லை. அத்தகைய அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. கண்காணிக்கப்பட வேண்டியது மருத்துவமனை. தொகைக்கு வரம்பு வைத்தால் மீதியைக் கட்டுவது படுக்கையில் கிடப்பவளின் வீடு. வெள்ளைப்படுதல், இரத்தசோகை, மாதவிடாய்க் கோளாறு என்று அவள் ஆண்டுக்கணக்கில் புறநோயாளி வரிசையில் நின்று செய்த செலவோ காப்பீட்டின் கணக்கிலேயே வராது. அட்மிட் ஆனால்தான் அவள் நோயாளி.

அவசரத்துக்குப் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனால், முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்களை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். கை என்பது பல வீடுகளில் மனைவியின் வளையல். படிவத்தின் மொழியில் அவள் ‘சார்ந்தோர்’. வளையல் அடகுக் கடைக்குப் போகும் அந்த இரவில் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது இலக்கணம் படித்த எனக்கே பிடிபடவில்லை. அறை வாடகை, மருந்து, பரிசோதனை எல்லாவற்றுக்கும் பில் உண்டு, பில்லுக்குத்தான் பணம். அடகு வட்டிக்குக் கிடையாது. ஐசியூ வாசலில் பாய் விரித்துப் படுத்த அம்மாவோ அண்ணியோ இழந்த நாள்கூலிக்கும் கிடையாது. மாதங்கள் கழித்து வரும் தொகை ஊழியரான கணவரின் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. வளையல் திரும்பி வருமா என்பது அந்த வீட்டில் யார் முடிவெடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.