மணிக்கு 20 கிலோமீட்டரில் இந்தியா

தேசிய நெடுஞ்சாலை 44-க்கு ஈடாக இன்னொரு சாலையை என்னால் சொல்ல முடியாது. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் 3,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தார். அதை நாங்கள் கூட்டமாகச் சைக்கிளில் மிதித்தோம். அக்டோபர் கடைசியில் புறப்பட்டு, டிசம்பர் பிறந்தபோது கடலைத் தொட்டோம். சென்னை, கோவை, ஈரோடு, மதுரை என்று பல ஊர்க்காரர்கள். கல்லூரி முடித்த கையோடு வந்த தம்பிகள் இருந்தார்கள், பேரன் பேத்தி எடுத்த அக்காக்களும் இருந்தார்கள். பயணம் முடிந்து நாளாகியும் அந்த மயக்கம் எனக்குத் தெளியவில்லை. தெளியவும் வேண்டாம்.

எல்லோரும் தால் ஏரியைக் கேட்கிறார்கள், விவேகானந்தர் பாறையைக் கேட்கிறார்கள். இரண்டும் அழகுதான். ஆனால் என்னை ஆட்கொண்டது நடுவில் கிடந்த சாதாரண நாட்கள். எழுந்து, மிதித்து, தின்று, துவைத்து, தூங்கி, மறுபடி எழுந்து மிதித்த நாட்கள். அவ்வளவு நிறைவான அன்றாடத்தை நான் வேறெங்கும் வாழ்ந்ததில்லை.

நாலரைக்கு எழுப்புவார்கள். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். இருட்டில் முதலில் கேட்பது ஏர் பம்பின் மூச்சு. ஒவ்வொருவரும் சக்கரத்தை அமுக்கிப் பார்ப்பார்கள், பிரேக்கைப் பிடித்து விடுவார்கள், செயினில் சொட்டு எண்ணெய் விடுவார்கள். தொடையிடுக்கில் உராயாமல் இருக்கக் களிம்பு, பாட்டிலில் உப்புச் சர்க்கரைக் கரைசல், சட்டையின் முதுகுப் பையில் இரண்டு வாழைப்பழம், ஒரு பொட்டலம் கடலை மிட்டாய். பின்விளக்கு எரியாதவர் வரிசையில் நிற்க முடியாது. அதில் எங்கள் தலைவர் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார், அந்தக் கண்டிப்புக்காகவே அவரைக் கும்பிடலாம். தலையெண்ணி முடித்ததும் கிளம்புவோம். முன்னால் வழிகாட்டி, கடைசியில் ஸ்வீப், அதற்கும் பின்னால் சப்போர்ட் வேன்.

முதல் நாளே காஷ்மீர் எங்களைக் கொள்ளை கொண்டது. ஸ்ரீநகரை விட்டு ஒரு மணி நேரம்கூட மிதித்திருக்க மாட்டோம், பாம்பூர் வயல்களில் குங்குமப்பூ பூத்துக் கிடந்தது. பழுப்பு மண்ணில் ஊதாப் பூக்கள். குடும்பம் குடும்பமாகக் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பூவுக்கு மூன்றே சிவப்பு இழை. ஒரு கிலோ தேற ஒன்றரை லட்சம் பூவாவது வேண்டுமாம். காரில் போயிருந்தால் ஊதா நிறம் ஒன்று ஜன்னலில் வந்து போயிருக்கும். சைக்கிளில் போனதால் அந்த மணம் சட்டென்று மூக்கில் ஏறியது. அங்கிருந்து சங்கம் போகும் வழியெங்கும் கிரிக்கெட் மட்டைக்கான வில்லோ மரத்துண்டுகள், காற்றுப் புகுந்து காயும்படி சாலையோரம் கோபுரம் கோபுரமாக அடுக்கிக் கிடந்தன. எங்கள் தம்பிகளை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காசிகுண்ட்–பனிஹால் சுரங்கம் எட்டரை கிலோமீட்டர் நீளம். அதற்கு மட்டும் சைக்கிள்களை வண்டியில் ஏற்றினோம். அடுத்து வரும் செனானி–நஷ்ரி சுரங்கம் சுமார் 30 கிலோமீட்டரை மிச்சப்படுத்தும். அது வேண்டாம், பழைய சாலையில் பட்னிடாப் ஏறலாம் என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. சமதளத்துக்காரர்கள் நாங்கள், 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறப் போகிறோம்! ஏற்றத்துக்கு முன் பீடா என்ற சிற்றூரில் ராஜ்மா சாதம். நெய்யை ஊற்றி, புளிப்பான மாதுளை விதைத் துவையலோடு தந்தார்கள். ஏறி இறங்கியதும் குட் என்ற ஊரில் சூடான பதீசா, நெய் வடியும் இழை இழையான இனிப்பு. இரண்டுக்கும் நடுவே சிறிய கியரில், தேவதாரு மரங்களுக்கிடையில், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி ஏறிய அந்த மணி நேரங்களுக்கு நான் எதையும் ஈடாக வாங்கிக்கொள்ள மாட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் சொல்லியே ஆக வேண்டும். நாளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதிக்கிற உடம்பு இரண்டாயிரம் கலோரிக்கு மேல் எரித்துவிடும். அந்தப் பசி வீட்டில் நாம் அறிந்த பசியே இல்லை. பஞ்சாபில் நெடுஞ்சாலையோர குருத்வாரா ஒன்றில் தங்க இடம் கொடுத்தார்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்பே லங்கரில் உட்கார வைத்துத் தட்டில் ரொட்டி போட்டார்கள். இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும் என்று ஒரு சிறுவன் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஹரியானாவின் முர்த்தலில் பராத்தாவின் மேல் வெண்ணெய்க் கட்டி உருகியது. நாக்பூரில் காரக் குழம்பு ஊற்றிய அவல், தர்ரி போஹா. கர்நூலைத் தாண்டியதும் உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும். நனைத்த பொரியைத் தாளித்துக் காலைப் பலகாரமாக்கிய மக்களுக்கு என் வணக்கம்! சாலை தெற்கே இறங்க இறங்க கோதுமை மெல்ல விலகி அரிசிக்கு இடம் விட்டதை வயிற்றிலேயே உணர்ந்தோம்.

ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரே கேள்வி. "கஹான் ஸே?" ஸ்ரீநகர் என்போம். "கஹான் தக்?" கன்னியாகுமரி என்போம். கேட்டவர் சைக்கிளைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், மறுபடி சைக்கிளைப் பார்ப்பார். பிறகு காசு வாங்க மறுப்பார். பானிபட் பக்கம் ஒரு பெரியவர் எங்களைக் கைப்பிடித்து அழைத்துப்போய் கோஸ் மினாரைக் காட்டினார். முகலாயர் காலத்து வழிப்போக்கர்களுக்குத் தூரம் சொல்லும் செங்கல் தூண், ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு ஒன்று. அந்தப் பழைய பெருவழியில் வந்த எல்லோரையும் எண்ணிக்கொண்டே அன்றைக்கு மிச்ச தூரத்தை மிதித்தேன். டெல்லியை விடிவதற்குள் கடந்தோம். நவம்பர் மாதத்துப் புகைமூட்டத்தில் முகமூடி போட்டும் கண் எரிந்தது. சம்பல் பாலத்தில் மூச்சு சீரானது. கீழே கரியால் முதலைகள் வாழும் தெளிந்த ஆறு, இரு கரையிலும் மழை அரித்த மண் மடிப்புகள்.

பெஞ்ச் காட்டுப் பகுதியில் சாலையைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், விலங்குகள் அடியில் கடந்து போவதற்காக. மகாராஷ்டிரப் பக்கத்தில் மட்டும் இப்படி ஒன்பது அமைப்புகள், ஒன்று 750 மீட்டர் நீளம். அவற்றின் அடியில் புலிகள் நடந்துபோனது கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. அந்த நீளத்தை நாங்கள் பேசாமல் மிதித்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாக அமைந்தது.

கூட்டமாக மிதிப்பதன் அருமை தெரிய வேண்டுமென்றால் அனந்தபூர் வெளிக்கு வர வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றின் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். இது எங்களுக்கு ஏட்டில் தெரிந்த கணக்கு. அங்கே கிழக்கிலிருந்து குறுக்குக் காற்று அறைந்தபோதுதான் உடம்புக்குப் புரிந்தது. நேர் பின்னால் போனால் காற்றுக்கு மறைவு கிடைக்காது. சாலையின் ஓரப்பட்டையில் அகலம் இருக்கும்வரை, முன்னவரின் வலப்பின்புறம் சற்று ஒதுங்க வேண்டும். பலசாலிகள் மாறி மாறி இடக்கோடியில் நின்று காற்றை வாங்கினார்கள். களைத்தவர் முழங்கையை ஆட்டுவார், அடுத்தவர் முன்னே வருவார். "அக்கா, பள்ளம்!" என்று முதல் ஆள் சொன்னது கடைசி ஆள்வரை வாய்வழியே ஓடும். "பின்னால லாரி, அண்ணா!" என்று கடைசியிலிருந்து முன்னுக்கு வரும். உழுகிற ஜோடி மாடுகளுக்குள் இருக்கும் இசைவு எங்களுக்குள் வந்திருந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அக்கா அன்று மாலை இறங்கியதும், "நான் மிதிச்ச மாதிரியே இல்லப்பா, நீங்கதான் என்னைக் கொண்டாந்தீங்க" என்றார். அவர் மிதித்தது நூற்றுப் பத்து கிலோமீட்டர்!

இந்தக் கூட்டத்தில் நான் மிகவும் விரும்பிய வேலை ஸ்வீப். கடைசி ஆளுக்கும் பின்னால் வருகிறவர். அவர் யாரையும் முந்தக் கூடாது, யாரையும் விட்டுவிடவும் கூடாது. முறை வைத்து வரும். என் முறை வரும் நாளுக்காக ஏங்குவேன். பின்னால் வருகிறவருக்குத்தான் எல்லோருடைய முதுகும் தெரியும். யார் இன்று பாடுகிறார், யாருக்கு இடது முட்டி வலிக்கிறது, யார் வீட்டு நினைப்பில் இருக்கிறார் என்று முதுகே சொல்லிவிடும். பஞ்சர் ஆனால் ஸ்வீப்தான் கூட நிற்பார். நெடுஞ்சாலை பஞ்சருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் முடி போன்ற எஃகுக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறம் விரலால் மெதுவாகத் தடவித் தேடிப் பிடுங்காமல் புது டியூப் போட்டால், அதுவும் ஐந்தாவது நிமிடம் மூச்சை விடும். அப்படி வெயிலில் இருவராக உட்கார்ந்து கம்பி தேடிய பொழுதுகளில் எத்தனை பேரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டேன்!

மாலை மூன்று மணிக்குள் தங்குமிடம். முதலில் துணி துவைப்பு, இருப்பதே இரண்டு செட். லாட்ஜ் மொட்டைமாடியில் வண்ண வண்ணச் சட்டைகள் வரிசையாகக் காயும். பழைய பல்துலக்கும் பிரஷால் செயினைத் தேய்ப்போம், சுவரில் காலை நிமிர்த்தி வைத்துப் படுப்போம். ஏழு மணிக்கு நாளைய வழி, ஏற்றம், டீக்கடை, மருத்துவமனை எல்லாம் சொல்லப்படும். எட்டரைக்கெல்லாம் குழந்தைகளின் தூக்கம்.

ஓசூரில் தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கண்டதும் கூட்டம் கத்திய கத்தல் கிருஷ்ணகிரிவரை கேட்டிருக்கும். தொப்பூர் கணவாயில் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். சரக்கு லாரிகள் பிரேக் பிடிக்காமல் பாய்ந்த விபத்துகளால் பெயரெடுத்த இறக்கம் அது. விளக்கு மின்ன வேன் பின்னால் காவல் வர, இடைவெளி விட்டு ஒவ்வொருவராக இறங்கினோம். பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம், கோவில்பட்டியில் வெல்லப்பாகு மணக்கும் கடலை மிட்டாய், காவல்கிணறில் வானமெல்லாம் காற்றாலை. வடகிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ள, மழைத் தூறலில் மிதித்தோம்.

போக நினைப்பவர்கள் அக்டோபர் கடைசியில் கிளம்புங்கள். குங்குமப்பூவும் காணக் கிடைக்கும், தெற்கே காற்றும் துணைக்கு வரும். டியூபை நாலைந்தாக எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி பிடுங்க ஒரு நல்ல சாமணம் அவசியம். ஆளுக்கொரு பின்விளக்கு போதாது, இரண்டு வையுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள், நாலு பேரையாவது சேருங்கள். ஸ்வீப்புக்கு ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன்.